பீரங்கியில் ஆடிய பறவைகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்த ஏரியில் பறவைகளைவிடப் பறவை பார்ப்பவர்கள்தான் அதிகம் சத்தம் போடுவார்கள். சங்கத்துக்கென்று சில துடுப்புப் படகுகள் இருந்தன. ஒருவரோ இருவரோ உட்கார்ந்து, இரு முனையிலும் தட்டை வைத்த துடுப்பால் மாறி மாறித் தள்ளிக்கொண்டு போகிற, முழங்காலை மடக்கவும் இடமில்லாத சின்னப் படகுகள். கரையிலிருந்து பார்த்தால் சோப்புப் பெட்டிகளில் ஆட்கள் மிதப்பதுபோல இருக்கும். இந்தச் சோப்புப் பெட்டிகளுக்கும் ஒரு தலைவர் உண்டு.

தலைவர் ஏதோ ஒரு துறையில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் விவரமாகச் சொல்லிவிடுவாரோ என்ற பயம். அந்தக் காலத்தில் கோப்புகள் தனக்காகக் காத்துக்கிடந்ததுபோல இப்போது பறவைகள் காத்துக்கிடக்கின்றன என்பது அவர் எண்ணம். கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கும். பதினாறு மடங்கு பெரிதாகக் காட்டுவது. சங்கத்தார் அதற்கு வைத்த பெயர் பீரங்கி. அதன் கனத்தில் தலைவர் சற்று முன்பக்கம் குனிந்தே இருப்பார். வாழ்க்கையில் அவரைக் குனிய வைத்த ஒரே பொருள் அதுதான்.

ஏரி நடுவில் ஒரு தீவு. பறவைகள் கூடு கட்டும் இடம் என்பதால் சுற்றிலும் மிதவை கட்டிய கயிறு போட்டிருந்தார்கள். படகு அதைத் தாண்டக் கூடாது. எனவே பார்க்க வேண்டியதெல்லாம் தொலைவிலிருந்துதான். படகுகள் கயிற்றோரம் வந்து நின்றதும் தலைவர் பீரங்கியைத் தூக்குவார்.

"பட்ட மரத்துக்கு இடது பக்கம். செம்மார்பு நாரை. இந்தப் பக்கத்துலயே கிடையாதுங்க. மூணு வருஷமா இங்கேயே இருக்கு, நம்ம மேல அவ்வளவு நம்பிக்கை. பாருங்க, எப்பவும் ஆடிக்கிட்டே இருக்கும். அதான் அதோட விசேஷம்."

சங்கத்தில் வேறு யாரிடமும் பைனாகுலர் இல்லாததால், பிறகு பீரங்கி படகு படகாகக் கைமாறும். வாங்கியவர் பார்க்க வேண்டும். "அருமை" என்று சொல்ல வேண்டும். அடுத்த படகுக்குக் கொடுக்க வேண்டும். "அருமை" சொல்லாமல் கொடுத்தவர் என்று அந்தச் சங்கத்தில் யாரும் இல்லை.

பல் டாக்டர் இந்தச் சங்கத்தில் சேர்ந்தது மனைவியின் தொல்லை தாங்காமல். "நாள் பூரா அடுத்தவன் வாய்க்குள்ளயே பாத்துட்டு இருக்கீங்க, கொஞ்சம் வெளிய வந்து பாருங்க" என்று அவள் ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். ஆகவே இரட்டைப் படகில் பின்னிருக்கை அவளுக்கு; திசை பார்ப்பது, திட்டுவது இரண்டும் அங்கிருந்துதான்.

"இடது! இடதுன்னா உங்க இடது இல்ல, எல்லாருக்கும் பொதுவான இடது!"

முதல் ஞாயிறே பீரங்கி டாக்டர் கைக்கு வந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுப் பார்த்தார். தீவு குதித்தது. பட்ட மரம் இரண்டு மூன்றாகப் பிரிந்து ஒன்றையொன்று துரத்தியது. சிவப்பாக ஏதோ ஒன்று, பிசாசு பிடித்ததுபோல மேலும் கீழும் ஆடியது. மூச்சை அடக்கிப் பார்த்தார், இன்னும் மோசம். சுற்றியிருந்த படகுகளில் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அருமை" என்றார் டாக்டர். வியர்த்துவிட்டது.

மற்றவர்களெல்லாம் அமைதியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்களே. ஆடுவது தன் கையில் மட்டும்தான் என்றால், ஆடுவது கைதான். அவருடைய அண்ணனுக்குக் கை நடுக்கம் இதே வயதில்தான் ஆரம்பித்தது. வீடுகளுக்கு வரைபடம் போட்டுக்கொடுத்துப் பேரெடுத்த கை. இப்போது சாப்பிட, சட்டைப் பொத்தான் போட, எல்லாவற்றுக்கும் அண்ணி பக்கத்தில் வேண்டும்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கையை நீட்டிப் பார்த்தார். அசையவில்லை. புறங்கையில் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தார். அதுவும் அசையவில்லை. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் இவர் பல் டாக்டர். சொத்தைப் பல் வலிக்குமுன்பே எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும் என்பதை ஊருக்கே எடுத்துச் சொல்கிறவர். 'இன்னைக்கு வலிக்கலன்னு சொல்லாதீங்க, உள்ள ஆரம்பிச்சாச்சு' என்று எத்தனை பேரை மிரட்டியிருப்பார்! வெறும் கண்ணுக்குத் தெரியாததைப் பீரங்கி பதினாறு மடங்காக்கிக் காட்டிவிட்டது. உள்ளே ஆரம்பித்தாயிற்று. இனி வெளியே தெரிய வேண்டியதுதான் பாக்கி. தன் மிரட்டலைத் தானே நம்பிய முதல் ஆள் அவர்தான்.

இன்னொரு டாக்டரிடம் போய்க் காட்டியிருக்கலாம். ஆனால் வாசலில் தன் பெயருக்குக் கீழே படிப்புகளை இரண்டு வரிக்கு எழுதி வைத்திருக்கும் மனிதர், வேறொருவர் வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு உட்காருவதா?

அதற்குப் பிறகு கிளினிக்கில் வேலை வேறு மாதிரி நடக்க ஆரம்பித்தது. பல்லைச் சுத்தம் செய்வார், மாத்திரை எழுதுவார். கொஞ்சம் நுணுக்கமான வேலை என்றால், "அவசரமில்ல, கொஞ்ச நாள் பாக்கலாம்" என்பார். தலைவருக்கே கடைவாய்ப் பல்லில் வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. ஊசிமுனை போன்ற அரத்தைப் பல்லின் வேருக்குள் இறக்கிச் சுரண்டி எடுக்கும் வேலை; கை ஒரு நூல் பிசகினாலும் போயிற்று. தலைவர் வீங்கிய கன்னத்தோடு வந்து உட்காரும்போதெல்லாம் டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதி அனுப்பிவைத்தார்.

"நம்ம டாக்டருக்கு என்ன ஆச்சு?" என்று நர்ஸம்மாவே கேட்டுவிட்டார். "முன்னல்லாம் பல்லைப் பாத்தாலே கை துறுதுறுன்னு இருக்கும். இப்ப பாவம் பாத்து விட்டுடறாரு."

பக்கத்து ஊரில் புதிதாகக் கிளினிக் போடவிருந்த இளம் டாக்டர் ஒருவரிடம், அந்தச் சாயும் நாற்காலியைக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு வரைக்கும் வந்துவிட்டது. நாற்காலி போனால் கிளினிக் போயிற்று. கிளினிக் போனால் தான் யார் என்பதை யோசிக்க டாக்டருக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிறுகளில் மட்டும் ஏரிக்குப் போனார். பீரங்கி கைக்கு வரும். ஆட்டம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பார். "அருமை" என்று சொல்லித் தள்ளிவிடுவார். பின்னால் இருந்து மனைவி கேட்பாள்.

"என்கிட்டயும் குடுங்களேன்."

"உனக்கெதுக்கு? நீ துடுப்பைப் பாரு."

மனைவி கையில் அது ஆடாமல் நின்றுவிட்டால் தீர்ப்பு எழுதினமாதிரி. அதைக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை அந்த இளம் டாக்டர் வீட்டுக்கே போன் செய்துவிட்டார். எடுத்தது மனைவி.

"மேடம், அந்த நாற்காலி எங்க வாசல்ல நுழையுமான்னு அளவு கேக்கணும். எப்ப எடுத்துக்கலாம்னு சார் சொன்னாரா?"

மனைவி அளவைச் சொல்லவில்லை. கணவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் பதில் தயாராக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்; பீரங்கியைத் தொட்டதும் அவர் தோள் இறுகுவதைப் பின்னிருக்கையிலிருந்து பார்த்துமிருந்தாள். மறுநாள் படகு கயிற்றோரம் போய் நின்று, பீரங்கி வந்து, டாக்டர் "அருமை" என்று சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வாரைப் பிடித்து இழுத்தது. ஓட்டப் படிப்பவர்கள் கையிலிருந்து ஸ்டீயரிங்கைப் பறித்துப் பழகிய கை. டாக்டர் திரும்புவதற்குள் அவள் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங்க இது கண்றாவி? ஈ மொய்க்கிற மாதிரி எல்லாம் ஆடுது?"

டாக்டர் கண்ணைத் திறந்தார். "என்ன சொன்ன?"

"ஆடுதுங்கறேன். மரம் தனியா, தீவு தனியா. இதுல போய் என்னத்த அருமைன்னீங்க?"

"உனக்கும் ஆடுதா?"

"எனக்கும்னா? படகு ஆடுது, ஆள் ஆடறோம், இது அதையெல்லாம் சேத்துப் பெரிசாக்கிக் காட்டுது. ஆடாம என்ன செய்யும்?"

டாக்டர் துடுப்பை விட்டுவிட்டார். அது தண்ணீரில் விழுந்து, மரியாதையாகக் கொஞ்ச தூரம் போய் மிதந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. தோள்கள் குலுங்க அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பின்னிருக்கைக்குத் தெரியவில்லை. அடுத்த படகிலிருந்த பாட்டு டீச்சர், "அவ்வளவு அருமையா இருக்கா டாக்டர்?" என்று கேட்டார்.

கரைக்குத் திரும்பும் வழியில் டாக்டர் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணனை, எக்ஸ்ரேயை, நாற்காலியை. இரண்டு பேருக்கும் சேர்த்து மனைவி ஒருத்தியே துடுப்புப் போட்டாள்.

"தினம் பத்துப் பேரை வண்டியில உக்கார வெக்கறேன்" என்றாள் அவள். "பயத்துல ஆடற கை எது, நோவுல ஆடற கை எதுன்னு எனக்குத் தெரியாதா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன, கிரீடம் கழண்டுடுமா?"

"நீ திட்டுவேன்னு…"

"இப்ப மட்டும் கொஞ்சறேனா?"

அந்தத் திட்டைப்போல இதமான ஒன்றை டாக்டர் வெகு நாளாகக் கேட்டதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து முழுவதையும் வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே இருவரும் கேமரா கடைக்குப் போனார்கள். கேமராவும் மூக்குக்கண்ணாடியும் கடிகாரமும் விற்கிற நீளமான கடை. எதிர்ப்புறம் ஒரு தையல் கடை.

"படகுக்கா?" என்றார் கடைக்காரர். "அப்ப பெரிசாவே பாத்துடலாம்மா. உங்க தலைவர் எங்ககிட்டதான் வாங்கறாரு."

"தெரியுது" என்றாள் மனைவி. கல்லாவுக்குப் பின்னாலிருந்த சக்கரம் வைத்த நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலைப் பார்க்கப் போட்டாள். "உக்காருங்க."

டாக்டர் உட்கார்ந்தார்.

"காலைத் தூக்கிக்குங்க. எதிர்த்த கடை போர்டைப் படிங்க."

அவர் பதினாறு மடங்கு பைனாகுலரைத் தூக்கியதும் அவள் நாற்காலியைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். குடும்பத் தகராறு என்று நினைத்து ஒருவர் சமாதானத்துக்கே வந்துவிட்டார்.

"என்ன தெரியுது?"

"பச்சையா ஏதோ ஓடுது."

பன்னிரண்டு மடங்கில் அந்தப் பச்சை, எழுத்து என்று தெரிந்தது. பத்தில் 'தை' வந்தது, உடனே போய்விட்டது. எட்டில் கடையின் பெயர் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தது. ஏழு மடங்கை எடுத்ததும் டாக்டர் பேச்சை நிறுத்தினார்.

"என்ன, மயக்கமா?"

"எழுத்து சின்னதாயிடுச்சு. ஆனா நிக்குது. 'அவசர வேலை எடுப்பதில்லை'ன்னு கீழ பொடி எழுத்துல போட்டிருக்கான். இன்னும் கொஞ்சம் ஆட்டு."

அவள் ஆட்டினாள். எழுத்து ஊஞ்சலில் உட்கார்ந்ததுபோல மெல்ல அசைந்ததே தவிர ஓடவில்லை. பார்க்கிற இடமும் விசாலமாக இருந்தது; தையல்காரர், அவர் பூனை, பக்கத்துக் கடை மாடிப்படி எல்லாம் ஒரே பார்வையில் வந்தன. பறந்து போகிற பறவையைத் தேடித் தடவ வேண்டியதில்லை.

ஏழு மடங்கிலேயே இரண்டு இருந்தன. ஒன்று முன்கண்ணாடி அகலமானது. இருட்டுப் பிரியும் நேரத்துக்கு நல்ல வெளிச்சம் தரும், ஆனால் கழுத்தை இழுக்கும். மற்றது சின்னது. "விடிஞ்சப்புறம்தானே நீங்க எழுந்திருக்கறீங்க" என்று மனைவி சின்னதை எடுத்து அவர் சட்டைமேல் வைத்துப் பார்த்தாள். லைஃப் ஜாக்கெட்டின் முன்பைக்குள் அடங்கும்; துடுப்புப் போடும்போது இடிக்காது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே பார்க்கச் சொன்னாள். ரப்பர் விளிம்பை மடக்கிவிட்டதும் ஓரத்தில் கறுப்பு விழாமல் முழு வட்டமும் தெரிந்தது. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு தரம் தனித்தனியாகத் திருகி வைத்துவிட்டால், தூரத்துப் பறவைகளுக்கு மறுபடி திருக வேண்டியதில்லை. அதுவும் பிடித்துப்போயிற்று. ஒரு கை துடுப்பில் இருக்கும்போது இன்னொரு கைதானே மிச்சம்.

"தண்ணி உள்ள போகாதே?"

"போகவே போகாதும்மா. அட்டையிலயே போட்டிருக்கு."

"என்கிட்ட படிச்சவங்க லைசென்ஸ்லயும் நல்லா ஓட்டுவாங்கன்னுதான் போட்டிருக்கு. ஒரு வாளி தண்ணி கொண்டாங்க."

கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டே வாளி கொண்டுவந்தார். பைனாகுலர் கல் மாதிரி அடிக்குப் போனது. எடுத்துத் துடைத்துப் பார்த்தபோது உள்ளே ஒரு பனித்துளிகூட இல்லை. மூழ்குகிறது என்பதால் மிதக்கும் வாரையும் சேர்த்து வாங்கினார்கள். ஆரஞ்சு நிறத்தில், தடியாக, கழுத்தில் போட்டால் ஒருவரையும் கம்பீரமாகக் காட்டாத வார். டாக்டர் மறுபேச்சுப் பேசாமல் மாட்டிக்கொண்டார். அந்த நேரத்தில் மனைவி ஒரு மாலையை எடுத்துப் போட்டிருந்தாலும் மாட்டிக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் அதைப் பார்த்தார். கன்னம் இன்னும் வீங்கித்தான் இருந்தது, சிரித்தால் வலிக்கும், ஆனாலும் சிரித்தார்.

"என்ன டாக்டர், குழந்தைங்க சாமானா? ஏழுன்னா வெறும் கண்ணாலயே பாத்துக்கலாமே."

"பாத்துட்டுச் சொல்லுங்க சார்" என்று டாக்டர் அதை முதலில் பாட்டு டீச்சர் படகுக்குக் கொடுத்தார். சங்க வழக்கம், எதுவானாலும் சுற்றுக்குப் போக வேண்டும்.

டீச்சர் பார்த்தார். "அருமை" சொல்லவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நிக்குதே" என்றார் கடைசியில். "நிஜமாவே நிக்குது. நீர்க்காகம் இறக்கையை விரிச்சுக் காயவெக்குது. ஒவ்வொரு இறகாத் தெரியுது." பிறகு பைனாகுலரை இறக்கிவிட்டு, "எனக்குத் தலையில ஏதோ கோளாறுன்னு மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கேங்க" என்றார்.

"நான் காபியை விட்டேன்" என்றது அடுத்த படகு. ஓய்வு பெற்ற தபால்காரர். "கை ஆடுதேன்னு. எவ்வளவு ஆசையா குடிப்பேன் தெரியுமா?"

"நான் மூச்சுப் பயிற்சிக்குப் போறேன்" என்றார் மருந்துக் கடைக்காரர். "அங்க மூச்சைப் பிடிச்சா இங்க பறவை நிக்கும்னு நினைச்சேன்."

ஆக, அத்தனை பேரும் ஆடுகிற பறவையைப் பார்த்திருக்கிறார்கள். அத்தனை பேரும் குறை தன்னுடையது என்று முடிவு கட்டி, "அருமை" சொல்லி, வீட்டுக்குப் போய் ரகசியமாக வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தனியாகச் சுமந்ததாக நினைத்த பாரத்தை ஏரி முழுவதும் பங்குபோட்டுச் சுமந்திருக்கிறது. எல்லோரையும் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. படகு கவிழும் என்பதால் சும்மா இருந்தார்.

பைனாகுலர் கடைசியில் தலைவரிடம் வந்தது. அவர் அதை இரண்டு விரலால், ஒழுங்காகத் தைக்காத கோப்பைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். பட்ட மரத்துக்கு இடது பக்கம் திருப்பினார். இறக்கி, துண்டால் துடைத்துவிட்டு, மறுபடி பார்த்தார். துணை இயக்குநர் ஒருவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை அங்கிருந்த யாரும் பார்த்ததில்லை.

"டப்பா" என்றார்.

"என்ன சார்?"

"செம்மார்பு நாரை இல்லை. சிவப்பு டப்பா. யாரோ எண்ணெய் டப்பாவை ஒரு குச்சியில கவுத்து வெச்சிருக்கான். மூடிகூடத் தெரியுது."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாதென்று மருந்துக் கடைக்காரர் மூச்சுப் பயிற்சி செய்தார். தலைவர் பைனாகுலரை இறக்கவில்லை. அதற்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டே பேசினார்.

"முதல்ல நான் வாங்கினது எட்டுங்க. கொஞ்சம் ஆடுச்சு. கண்ணு மங்குதோன்னு பத்து வாங்கினேன். இன்னும் ஆடுச்சு. பன்னண்டு வாங்கினேன், அப்புறம் இந்தப் பதினாறு. எதுவுமே தெரியல. வெளிய சொன்னா தலைவர் பதவிக்கே…" நிறுத்தினார். "நீங்க எல்லாம் அருமை அருமைன்னு சொன்னீங்களா, சரி, எனக்குத்தான் தெரியலன்னு நினைச்சேன்."

அப்போது டப்பாமேல் ஒரு சின்ன மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. தலைவர் அதைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. அறிவிப்புச் செய்யப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் அறிவிக்கவில்லை. பைனாகுலரைப் பத்திரமாக வாரோடு டாக்டரிடம் நீட்டி, "ரொம்ப நன்றிங்க" என்று மட்டும் சொன்னார். நன்றியுரை கேட்டுப் பழகிய மனிதருக்கு அதைச் சொல்லிப் பழக்கமில்லை. வார்த்தை கொஞ்சம் முரடாகத்தான் வந்தது.

"நாளைக்குக் காலையில கிளினிக் வாங்க சார்" என்றார் டாக்டர். "அந்தப் பல்லை இனிமே தள்ளிப்போட வேணாம்."

அன்று மாலையே இளம் டாக்டருக்குப் போன் செய்து, நாற்காலி கொடுப்பதற்கில்லை, மன்னிக்க வேண்டும் என்று சொன்னார். பிறகு அண்ணன் வீட்டுக்குப் போனார். ஒரு மாதமாக அந்தப் பக்கம் போகாதிருந்ததற்குக் காரணம் அவருக்கே இப்போதுதான் புரிந்தது. அண்ணனுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, டீயை ஆற்றிக்கொடுத்துவிட்டு வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தலைவர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். நர்ஸம்மா விளக்கைத் திருப்பினார். டாக்டர் அந்த மெல்லிய அரத்தை எடுத்தார். விளக்குக்கு நேரே ஒரு கணம் பிடித்துப் பார்த்தார். நின்றது. ஏழு மடங்கும் வேண்டாம், பதினாறு மடங்கும் வேண்டாம். வெறும் கண்ணுக்கு, வெறும் கை. தெய்வமே என்று மனசுக்குள் ஒரு தரம் சொல்லிக்கொண்டார். அடுத்தபடி மனைவியை நினைத்துக்கொண்டார். வரிசை மாறிப்போயிற்றோ என்று சந்தேகம் வந்தது.

அரம் இறங்கப்போகும் நேரத்தில் தலைவரின் கை நாற்காலிப் பிடியில் கடகடவென்று அடித்துக்கொண்டது. வாய் நிறையப் பஞ்சு; பேச முடியாது. தன் கையைத் தானே கலவரமாகப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். அந்தப் பார்வையை டாக்டருக்கு நன்றாகத் தெரியும்.

"ஒண்ணுமில்ல சார்" என்றார் டாக்டர். இடது கையால் அந்தக் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டார். "வெறும் பயம். எனக்கும் இருந்துச்சு."

கை மெல்ல அடங்கியது. அது முழுக்க அடங்கும்வரை டாக்டர் காத்திருந்தார். அதன் பிறகுதான் வேலையைத் தொடங்கினார்.